உஷார்! வளைந்த பேஸ் கிதாரை வெயிலில் கவிழ்க்காதீர்கள்

ஆடி பிறக்க இன்னும் சில வாரங்கள்தான். சேலத்தில் கோட்டை மாரியம்மன் பண்டிகை தொடங்கினால் ஊரில் உள்ள மற்ற மாரியம்மன்களுக்கும் பண்டிகை. பேட்டைக்குப் பேட்டை மேடை, மேடைக்கு மேடை ஆர்க்கெஸ்ட்ரா. ஆடிப் பதினெட்டை ஒட்டிக் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா. சித்திரையோடு பரணுக்குப் போன பழைய பேஸ் கிதார்களை இப்போதுதான் ஆளாளுக்கு இறக்கித் தூசி தட்டுகிறார்கள். தட்டிய கையோடு எனக்கு வருகிற ஃபோன்கள் எல்லாம் ஒரே மாதிரி.

“அண்ணா, நெக்கு வில்லாட்ட வளைஞ்சு கெடக்குதுங்க. மொட்ட மாடியில வெயிலுக்குக் காட்டி மேல கல்ல வெச்சா நிமிந்துருமாமா. வெக்கட்டுங்களா?”

வைக்காதீர்கள். கல், வெயில், அயர்ன் பாக்ஸ், ஹேர் டிரையர், லேத் பட்டறை பெஞ்ச் வைஸ் ஆகிய ஐந்தும் நெக்கின் பக்கமே வரக் கூடாது. வில்லுக்குப் பேர்போன ஓரியின் சீமையில் பேஸ் கிதாரும் வில்லாகி நின்றால் வயிறு எரியும்தான். ஆனால் நான் பார்த்தவரை வளைந்ததால் பாழான பேஸ் குறைவு, நிமிர்த்தப் போய்ப் பாழானதுதான் அதிகம்.

குழவிக் கல் வைத்தியம்

போன சித்திரையில் நாமக்கல் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். அவன் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் பேஸ், 1970-களின் சரக்கு. வெளிநாட்டு வாத்தியம் கண்ணில் படுவதே அபூர்வமாக இருந்த காலத்தில் சுற்றுவட்டாரக் கச்சேரிகளுக்கெல்லாம் போய்வந்த கிதார். நான் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. மாடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்றின் விளிம்பில் தலை, இன்னொன்றில் உடம்பு, நடுவில் கழுத்து அந்தரத்தில். கம்பிகளைக் கழற்றி, ஒரு மணி நேரம் முகத்தை வெயிலுக்குக் காட்டிச் சூடேற்றி, பிறகு குப்புறக் கவிழ்த்து, கழுத்தின் முதுகில் சாக்குச் சுற்றிய அம்மிக் குழவியை வைத்திருந்தார்கள்.

“பாருங்கண்ணா, ஸ்கேல் வெச்ச மாதிரி நிமிந்துருச்சு” என்றான். நிமிர்ந்துதான் இருந்தது. குழவியை இறக்கிவிட்டு நெக்கைத் திருப்பி விளிம்பைப் பார்த்தேன். ஐந்தாவது ஃப்ரெட்டிலிருந்து ஒன்பதாவது வரை, மேலே ஒட்டியிருக்கும் கறுத்த ஃப்ரெட் போர்டுக்கும் கீழே உள்ள மேப்பிள் மரத்துக்கும் இடையில் மயிரிழை போல ஒரு கோடு. சட்டைப் பையிலிருந்த விசிட்டிங் கார்டின் முனையை வைத்துப் பார்த்தேன். உள்ளே போனது. நிமிர்ந்தது மரம் அல்ல, பசை விட்டுக்கொடுத்திருந்தது. சாயங்காலம் சூடு ஆறியதும் கழுத்து பழையபடி வளைந்துகொண்டது, பிளவு மட்டும் பிளவாகவே நின்றது.

காரணம் எளிது. அந்தக் கால நெக்குகளில் ஃப்ரெட் போர்டை ஒட்டியிருப்பது வஜ்ஜிரம் அல்லது வெள்ளைப் பசை. இரண்டும் 60 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகத் தொடங்கும் சாதி. சேலம், ஈரோடு, கரூர் மாவட்டத்து க. பரமத்தி எல்லாம் தமிழகத்தின் வெயில் பட்டியலில் அடிக்கடி தலைகாட்டும் ஊர்கள். நிழலிலேயே 40 டிகிரி தொடும் நாளில், வெயில் படும் கறுத்த மரமும், கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் உள்ளும் 60-ஐத் தாண்ட நேரமாகாது. லாரிப் பட்டையைச் சூடேற்றி வளைப்பதையும் நிமிர்த்துவதையும் பார்த்து வளர்ந்த ஊர் நம்முடையது. அந்தக் கண்ணோடு மரத்தைப் பார்ப்பதுதான் ஆபத்து. இரும்பு சொன்ன இடத்தில் நிற்கும். மரம் நிற்காது, அதற்கு முன்னால் பசை போய்விடும்.

வீணை வாசிக்கிறவர்களைக் கேளுங்கள். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. அதனால் வெயில் என்றாலே அவர்களுக்கு நடுக்கம். பேஸ்காரர்களுக்கு அந்த நடுக்கம் பாதியாவது வர வேண்டும்.

ஒன்றரை சிமெண்ட் மூட்டை

நெக் ஏன் வளைகிறது? வழக்கமான பேஸில் தலைப் பக்கம் கம்பியைத் தாங்கும் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 34 அங்குலம். நான்கு கம்பிகளையும் சுருதி கூட்டினால் அவை கழுத்தை இழுக்கும் இழுவை மொத்தம் 70 முதல் 80 கிலோ, அதாவது ஒன்றரை சிமெண்ட் மூட்டை. சாதாரண எலக்ட்ரிக் கிதாரின் ஆறு கம்பியும் சேர்ந்து 45 கிலோவை ஒட்டித்தான் இழுக்கும். இந்தப் பாரத்தை இரவு பகலாக நாற்பது, ஐம்பது வருஷம் சுமந்த கழுத்து அது. அதன் மேல் பங்குனி வெயிலின் வறட்சியும் ஐப்பசி மழையின் ஈரமும் மாறி மாறி ஏறி இறங்கும். வீட்டிலேயே சூடு அதிகமுள்ள இடம் கூரையை ஒட்டிய பரண். நாம் பேஸை வைப்பதும் அங்கேதான்.

இதற்காகவே நெக்கின் உள்ளே ஒரு இரும்புக் கம்பியைப் புதைத்திருப்பார்கள். அதுதான் ட்ரஸ் ராட். கிப்சன் கம்பெனியின் தாடியஸ் மெக்ஹியூ என்ற தொழிலாளி 1921-இல் விண்ணப்பித்து, 1923-இல் காப்புரிமை பெற்ற யோசனை. 1951-இல் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் வந்தபோது அதன் கழுத்திலும் இது இருந்தது. முன்பக்கம் நான்கு கம்பிகள் வில்லின் நாண் போலக் கழுத்தை முன்னுக்கு இழுக்கின்றன. ராடு மரத்துக்குள் மறைந்திருக்கும் எதிர் நாண், பின்னுக்கு இழுக்கும். ராடின் முனையிலுள்ள மரை நட்டை வலஞ்சுழியாகத் திருகினால் எதிர் நாண் இறுகும், முன்வளைவு குறையும். இடஞ்சுழியாகத் தளர்த்தினால் கம்பிகளின் இழுவை ஜெயிக்கும்.

பழைய பேஸ்களில் பெரும்பாலும் ஒருவழி ராடுதான். முன்வளைவை மட்டுமே அது எதிர்க்கும். பின்னுக்கு வளைந்த கழுத்தை முன்னுக்குத் தள்ளத் தெரியாது.

எது வளைந்திருக்கிறது என்று பார்த்தீர்களா?

“நெக் வளைஞ்சிருச்சு” என்று வரும் புகாரில் நான்கு வெவ்வேறு நோய்கள் இருக்கும்.

முதலாவது, முன்வளைவு. தலை முன்னுக்கு வந்து, நடுக்கழுத்தில் கம்பி உயர்ந்து நிற்கும். ராடுக்குப் பெரும்பாலும் அடங்கும்.

இரண்டாவது, பின்வளைவு. நடுக்கழுத்து புடைத்து, நட்டை ஒட்டிய முதல் நாலைந்து ஃப்ரெட்டில் கம்பி தட்டி இரையும். ராடைத் தளர்த்தினாலே பெரும்பாலும் சரியாகும். முழுக்கத் தளர்த்தியும் நிமிரவில்லை என்றால், கொஞ்சம் தடித்த கம்பி போட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது, உடம்போடு சேரும் இடத்தில் மட்டும் மேலே எழும்பும் கழுத்து. ராடின் பிடி அங்கே கிட்டத்தட்ட கிடையாது. எத்தனை முறுக்கினாலும் நடுப்பகுதிதான் கெடும்.

நான்காவது, முறுக்கல். பிழிந்த துண்டு போல ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருக்கும். தலைப் பக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். நட்டின் கோடும் கடைசி ஃப்ரெட்டின் கோடும் இணையாக இல்லாவிட்டால் அது முறுக்கல்தான். ராடுக்கு இதில் வேலையே இல்லை.

இது எதுவுமே இல்லாமல், பிரிட்ஜில் சேடில் ஏறியிருப்பதால் மட்டும் கம்பி உயர்ந்திருக்கும் பேஸ்களும் உண்டு. ஆக்‌ஷனை (கம்பியின் உயரத்தை) இறக்க பிரிட்ஜில் ஸ்குரூ இருக்கிறது. ஆக்‌ஷன் இறங்கட்டும் என்று ராடை முறுக்குவது, செருப்புக் கடிக்கிறது என்று காலைச் செதுக்குவது மாதிரி.

லாரிப் பட்டறையில் கடன் வாங்குங்கள்

சோதிக்க ஒரே ஒரு கருவி போதும். டாப்பெட் இடைவெளி வைக்க லாரி மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ஃபீலர் கேஜ். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரியில் லாரியும் போர்வெல் ரிக்கும் இல்லாத தெரு எது? கேட்டால் தருவார்கள்.

பேஸை முழுச் சுருதியில் வையுங்கள். கட்டிலில் படுக்கப்போட்டுப் பார்க்காதீர்கள். வாசிக்கும் வாக்கில் மடியில் வையுங்கள். தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு கையாலும், கழுத்து உடம்போடு சேரும் இடத்து ஃப்ரெட்டில் இன்னொரு கையாலும் அழுத்துங்கள். இறுகிய கம்பியை விட நேரான ஸ்கேல் வேறு கிடையாது. இப்போது ஏழாவது, எட்டாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே இன்னொருவரைத் தகடு விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 0.3 முதல் 0.4 மி.மீ. தகடு கம்பியைத் தூக்காமல் உரசிக்கொண்டு போனால் கழுத்துக்கு ஒரு குறையும் இல்லை. கழுத்து முழு நேராக இருக்கக் கூடாது. அதிரும் கம்பிக்கு இடம்விட அந்த ஒரு விசிட்டிங் கார்டு கனத்துக்கு முன்வளைவு வேண்டும். இது தெரியாமல், நோயே இல்லாத கழுத்துக்கு வைத்தியம் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். தகடு சுத்தமாகப் போகவில்லை என்றால் பின்வளைவு. 1 மி.மீ. தகடு தாராளமாகப் போனால் முன்வளைவு அதிகம்.

கால் சுற்று, ஒரு ராத்திரி

ராடைத் தொடுவதென்றால் கையை அடக்கித் தொடுங்கள்.

சரியான கீ வேண்டும். அமெரிக்க ராடுகள் பலவும் அங்குலக் கணக்கு. ஜப்பான், சீன ராடுகள் பெரும்பாலும் மி.மீ. கணக்கு. 3/16 அங்குலம் என்பது 4.76 மி.மீ. 5 மி.மீ. கீ உள்ளே போகாது, 4.5 மி.மீ. கீ உள்ளே போய் நட்டின் மூலைகளைத் தின்றுவிடும். மூலை தேய்ந்தால் அப்புறம் திருக வழியே இல்லை.

முதலில் தளர்த்துங்கள், பிறகு இறுக்குங்கள். துருவேறிய பழைய மரை எந்த நிலையில் இருக்கிறது என்பது தளர்த்தும்போதுதான் கைக்குத் தெரியும். நட் இருந்த இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். திரும்பச் சுருதி கூட்டி, ஒரு ராத்திரி விட்டு, காலையில் தகடு விட்டுப் பாருங்கள். மரம் மெதுவாகத்தான் கேட்கும்.

நட் அடம்பிடித்தால் அங்கேயே நிறுத்துங்கள். கீயின் பின்னால் இரும்புப் பைப்பைச் செருகி லாரி வீல் நட்டைத் திருகுவது போலத் திருகியவரை எனக்குத் தெரியும். ராடு உள்ளேயே முறிந்தது. முறிந்த ராடை எடுக்க ஃப்ரெட் போர்டையே பெயர்க்க வேண்டும்.

பழைய ஃபெண்டர்கள் பலவற்றில் நட், கழுத்தின் அடிப்பக்கம் உடம்புக்குள் மறைந்திருக்கும். கம்பியைத் தளர்த்தி, நான்கு ஸ்குரூவைக் கழற்றி, நெக்கை எடுத்துத்தான் திருக முடியும். அந்த இடுக்கில் ஸ்குரூடிரைவரைச் சாய்த்து நுழைத்து நெம்பினால் உடம்பின் விளிம்பு பெயரும்.

1980-களின் நடுப்பகுதிக்கு முந்தைய ரிக்கன்பேக்கர் பேஸ் யார் கையிலாவது இருந்தால் இன்னும் உஷார். அதில் இரண்டு ராடுகள். ஒவ்வொன்றும் கொல்லிமலை ஹேர்பின் வளைவு போல மடக்கிய கம்பி. அவை கழுத்தை வளைப்பவை அல்ல, வளைத்துக் கொடுத்ததைப் பிடித்து நிறுத்துபவை. கம்பியைத் தளர்த்தி, கழுத்தைக் கையால் தேவையான வாக்குக்கு மெல்லக் கொண்டுவந்து, அப்படியே பிடித்துக்கொண்டு நட்டை இறுக்க வேண்டும். மற்ற கிதாரைப் போல நினைத்து நட்டை மட்டும் முறுக்கினால் தலைப் பக்கத்தில் ஃப்ரெட் போர்டு பெயர்ந்து எழும்பும்.

ராடே இல்லாத பழைய கிதார்களும் நம் பக்கம் உண்டு. அவற்றுக்கு மெல்லிய கம்பி போட்டு, அரைக் கட்டை சுருதி இறக்கிக் கட்டுங்கள். அரைக் கட்டைக்கே இழுவை 11 சதவீதம், அதாவது சுமார் 8 கிலோ குறைந்துவிடும். மற்றவர்கள் கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டி உங்களோடு சேர்ந்துகொள்ளட்டும்.

நெருப்பைக் காட்டாதீர்கள்

சூடு காட்டி நெக் நிமிர்த்தும் முறை ஒன்று இருப்பது உண்மைதான். கைதேர்ந்த ரிப்பேர்காரர்கள் கழுத்தை நேரான இரும்புச் சட்டத்தோடு கிளாம்ப் போட்டுக் கட்டி, அளவாகச் சூடேற்றி, கட்டியபடியே ஒரு ராத்திரிக்கு மேல் ஆறவிடுவார்கள். அவர்கள் செய்தும் சில மாதங்களில் வளைவு திரும்பி வருவது உண்டு. அயர்ன் பாக்ஸைத் தேய்க்கும் வேலை இதில் எங்கும் கிடையாது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பழைய அமெரிக்க கிதார்கள் பலவற்றின் மேல்பூச்சு நைட்ரோசெல்லுலோஸ். சிலவற்றின் விளிம்புப் பட்டையும் பிக்கார்டும் செல்லுலாய்டு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் தொடக்க காலத்தில் ஓடிய சினிமாப் படச்சுருள் எந்தக் குடும்பமோ, அதே குடும்பம். புரொஜெக்டர் அறைகள் பற்றியெரிந்த கதையைப் பெரியவர்கள் சொல்வார்கள். அதன் பக்கத்தில் கேஸ் டார்ச்சைக் கொண்டுபோகாதீர்கள்.

கம்பியைக் கழற்றிவிட்டால் ஓய்வா?

சீசன் முடிந்ததும் “பாவம், ஓய்வெடுக்கட்டும்” என்று நான்கு கம்பியையும் கழற்றிப் பரணில் வைக்கிறார்கள். உள்ளே ராடு இறுகியே இருக்கிறதே! முன்னால் இழுக்க ஆளில்லாமல் அது மாதக்கணக்கில் கழுத்தைப் பின்னால் இழுக்கும். ஆடிக்கு இறக்கும்போது பின்வளைவு. கம்பியைக் கழற்றாதீர்கள். அரைக் கட்டை, ஒரு கட்டை இறக்கிவிட்டு, பரணில் வைக்காமல், கீழே, உள்சுவர் ஓரமாகப் பெட்டிக்குள் நிறுத்துங்கள். ஃப்ரெட் முனைகள் விளிம்பில் விரலைக் கீறினால் மரம் வறண்டு சுருங்கிவிட்டது என்று அர்த்தம். அதுதான் முதல் எச்சரிக்கை மணி.

கொல்லிமலைக் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால் மேலே வேறு காற்று, வேறு ஈரம். வேன் நின்ற உடனே பெட்டியைத் திறந்து சுருதி கூட்டாதீர்கள். பெட்டிக்குள்ளேயே அரைமணி, ஒரு மணி இருக்கட்டும்.

வாங்குகிறவர்களே, கொடுக்கிறவர்களே

பழைய பேஸ் விற்கிறவர் எப்போதும் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: “லேசா வளைஞ்சிருக்கு, ராட டைட் பண்ணுனாச் சரியாப் போயிருமுங்க.” அவ்வளவு சுலபமென்றால் அவரே டைட் பண்ணி நல்ல விலைக்கு விற்றிருப்பாரே! கம்பி கட்டிச் சுருதி கூட்டிக் காட்டச் சொல்லுங்கள். ராடு நட் இரண்டு பக்கமும் திரும்புகிறதா என்று உங்கள் கண்ணெதிரே கால் சுற்று திருப்பச் சொல்லுங்கள். ஏற்கெனவே கடைசி வரை முறுக்கிய ராடு என்றால் விலையில் கழுத்தைக் கழித்துவிடுங்கள். முறுக்கல் இருந்தால் கும்பிடு போட்டுக் கிளம்புங்கள்.

ரிப்பேருக்குக் கொடுக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். கம்பி இழுவையோடு அளந்து பார்ப்பீர்களா? சூடா, இழைப்பா, ஃப்ரெட் மாற்றமா, எந்த வழி? வளைவு திரும்பி வந்தால் என்ன செய்வீர்கள்? ஃப்ரெட் போர்டை மட்டமாக இழைத்துப் புது ஃப்ரெட் அடிப்பது ஒரு நல்ல வழி. கொஞ்சம் தடித்த வேருள்ள ஃப்ரெட்டுகளை இறுக்கி அடித்து, அந்த நெருக்கலாலேயே கழுத்தைப் பின்னுக்குத் தள்ளுவது இன்னொரு வழி. இந்தக் கேள்விகளுக்கு “நாளைக்கே வாங்கிக்கலாம்” என்று பதில் வந்தால் பேஸைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். கொடுப்பதென்று முடிவானால் தலை, பிரிட்ஜ், பிக்கப், சீரியல் நம்பர் எல்லாவற்றையும் ஃபோட்டோ எடுத்துக்கொண்டு கொடுங்கள். பழைய சரக்கில் உதிரி பாகங்களுக்கும் கிராக்கி உண்டு.

அந்தத் தம்பியின் பேஸ் வெளியூர்ப் பட்டறை ஒன்றுக்குப் போயிருக்கிறது. ஃப்ரெட் போர்டை முழுக்கப் பெயர்த்து, பழைய பசையைச் சுரண்டி, மறுபடி ஒட்டி, இழைத்து, ஃப்ரெட் அடிக்க வேண்டுமாம். ராடை அவர்கள் திருகிப் பார்த்தபோது முக்கால் சுற்று மிச்சம் இருந்திருக்கிறது. அன்றைக்கு மூன்று தடவை கால் சுற்றும் மூன்று ராத்திரியும் போதுமாக இருந்திருக்கும். இந்த ஆடிக்கு அவன் கடன் வாங்கிய பேஸில்தான் வாசிக்கிறான்.

குழவி அன்றைக்கே அம்மிக்குத் திரும்பிவிட்டது. பேஸ் இன்னும் வரவில்லை.